மணலில் தூங்கிய அம்மா

கல் கொட்டுவதற்கு முன்னால் திருவொற்றியூர்க் கடற்கரை எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். இப்போது சாலையோரம் நின்று எட்டிப் பார்த்தால் யானை யானையாகக் கருங்கல் கிடக்கிறது. அதன்மேல் அலை மோதித் தெறிக்கிறது. பல இடங்களில் கால் வைக்க ஒரு சாண் மணல் கிடையாது. அன்றைக்கோ காலடிப்பேட்டையிலிருந்து கிளம்பி, பெரிய சாலையைக் கடந்து, மீனவர் குப்பத்துக் குடிசைகளுக்கு நடுவே போகும் சந்தில் நுழைந்ததுமே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து அலை வரைக்கும் மணல்தான். உச்சி வெயிலில் ஓடினாலும் பாதம் பொரிந்துவிடும். நடுவழியில் கரையேற்றியிருக்கும் படகின் நிழலில் நின்று, காலை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் ஓட்டம்.

நான் சொல்ல வந்தது ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையைப் பற்றி.

அப்பா தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிறு காலையில் தேவாலயம், மற்ற நேரமெல்லாம் கடை. இவ்வளவுதான் எங்கள் குடும்பம். என் சிநேகிதி குப்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் விற்க வருவார். முகத்தில் எப்போதும் மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும். கூடையை இறக்கி வைக்கும்போது இடுப்பில் கை ஊன்றி 'அப்பாடி' என்று ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு எங்கள் கடை உள்ளறை வரைக்கும் கேட்கும்.

நாங்கள் இருவரும் மணலில் கட்டாதது எதுவும் கிடையாது. அலை வந்து திரும்பின இடத்து மணல்தான் பிடித்தால் நிற்கும். மேலே இருப்பது உதிரும், கீழே இருப்பது குழையும். குழைகிற மணலைக் கை நிறைய அள்ளி, விரல் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் கோபுரம் எழும்பும். கொட்டாங்கச்சியில் அமுக்கிக் கவிழ்த்தால் மசூதிக் கூரை. பவுடர் டப்பா மூடியில் பிடித்தால் இட்லி, அல்லது ரயில் சக்கரம். நான் அப்பாவோடு கொத்தவால் சாவடிக்குச் சரக்கு எடுக்கப் போய்வந்தவள். பேசின் பிரிட்ஜில் தண்டவாளம் தண்டவாளமாகப் பிரிந்து போவதையும், மின்நிலையத்துப் புகைபோக்கியையும் பார்த்தவள். அவள் அதையெல்லாம் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள். பார்த்த என்னைவிடப் பார்க்காத அவள் செய்ததுதான் அசலாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

காற்று வடக்கே இருந்து திரும்பினால் தொழிற்சாலை நெடி மூக்கைச் சுடும். இல்லாவிட்டால் கருவாட்டு வாசனை. தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் எங்களுக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வாசலிலேயே அம்மா பாவாடையை உதறச் சொல்வாள்.

"ஏட்டி, கடக்கரையில அப்பிடி என்னத்தட்டி வச்சிருக்கு? மொகத்தக் கரிச்சட்டியாக்கிட்டு நிக்கா பாரு. மண்ணு மண்ணு மண்ணு. எத்தன மட்டம் சொல்லுதேன்!"

அந்த விடுமுறையின் தொடக்கத்தில் என் சிநேகிதியின் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார். பழவேற்காட்டில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் அப்பா குடித்துவிட்டு அடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போனதைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் தெருவில் பேசினார்கள், கடையில் சாமான் வாங்க நின்ற பெண்கள் பேசினார்கள். என் அம்மாவும் புளியை நிறுத்துப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"பெத்த பிள்ளய விட்டுட்டுப் போறதுக்கு எப்பிடித்தான் மனசு வருதோ. அவள்லாம் ஒரு தாயா?"

எனக்குப் பக்கத்தில் என் சிநேகிதி நின்றிருந்தாள். அம்மா அவளைக் கவனிக்கவில்லை. சிநேகிதி பொட்டுக்கடலை டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை அவள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பார்த்துக்கொண்டார். அத்தைக்கு வாய் பெரிது, பக்தியும் பெரிது. அந்தக் கோடையில் குப்பத்தில் அம்மை போட்டிருந்தது. வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகியிருந்தது. அத்தை தினமும் கூழ் ஊற்றி, ஆத்தா மனம் குளிரவில்லை, ஆத்தாவுக்கு ஏதோ குறை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

ஒருநாள் மத்தியானம் என் சிநேகிதி, "இன்னிக்கு வூடு வேணாம்டி. ஆளு செய்யலாம்" என்றாள்.

"ஆளு நிக்காதே, சரிஞ்சிருமே" என்றேன்.

"நிக்க வேணாம். படுத்துக்கினு இருக்கட்டும்."

யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உடைந்த பழைய படகு ஒன்று அலை எட்டாத மேட்டில் கிடந்தது. அதன் மறைவில் செய்தோம். ஈர மணலை அலைக்கரையிலிருந்து தகர டப்பாவில் சுமந்து வந்தோம். அவள் முதலில் ஒரு நீளக் குவியலாகப் போட்டாள். அப்புறம் இடுப்பு வந்தது. ஒருக்களித்துப் படுத்த உடம்புக்கு இடுப்பு மேடாக எழும்பி, அங்கிருந்து தொடை சரியும் அல்லவா, அது அப்படியே வந்தது. முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தது. ஒரு கை கன்னத்துக்கு அடியில். இன்னொரு கை வயிற்றுக்கு முன்னால் நீட்டி, யாரையோ அணைத்துக்கொள்ள இடம் விட்டதுபோல. உள்ளங்கையை நனைத்து நனைத்துத் தோளைத் தடவித் தடவி வழவழப்பாக்கினாள். அலைக்கரையில் வரி வரியாகக் கறுப்பு மணல் படியுமே, அதை வழித்து வந்து கூந்தலாக வைத்தோம். கண்ணுக்கு ஈர்க்குச்சியால் ஒரு கோடுதான். தூங்குகிற கண்.

"மஞ்சா வேணும்டி" என்றாள்.

நான் ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் எடுத்துவந்தேன். அவள் அதைக் குழைத்து அந்த முகத்தில் பூசினாள். முழுவதும் பூசவில்லை. திட்டுத் திட்டாகத்தான். அப்போதுதான் எனக்கு அது யார் என்று தெரிந்தது.

பிறகு அவள் அந்த வயிற்றுக்கும் நீட்டிய கைக்கும் நடுவே விட்டிருந்த இடத்தில் மெல்ல இறங்கி, முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. மீன் விற்று வந்து அவள் அம்மா மத்தியானத்தில் அப்படித்தான் படுப்பாராம். அவளுக்கு அதுதான் இடமாம். சங்கு ஊதும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு வளைகளை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் பால் ஊற்ற வந்த ஆள்தான் சொன்னார், குப்பத்துக் கரையில் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள் என்று. மணலிலேயே தானாகத் தோன்றிப் படுத்திருக்கிறாளாம். மஞ்சள் முகமாம்.

அம்மா, "மண்ணப் போயி கும்பிடுதாவ பாரு" என்று முணுமுணுத்தாள். நான் ஓடினேன்.

குப்பமே படகடியில் நின்றது. அத்தைதான் விடியலில் பார்த்திருக்கிறார். பார்த்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டு, ஊரைக் கூட்டிவிட்டார். நான் பெரியவர்களின் இடுக்கில் புகுந்து முன்னால் போனேன். சுற்றிலும் வேப்பிலைத் தோரணம். எங்கள் கறுப்பு மணல் கூந்தல்மேல் மல்லிகைச் சரம். உடம்பின்மேல் சிவப்புச் சேலை ஒன்றை விரித்திருந்தார்கள். நாங்கள் திட்டுத் திட்டாகப் பூசிய முகத்தில் மஞ்சளை அப்பி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். தூங்குகிற கண்ணுக்கு மேலே வெள்ளியில் செய்த விழித்த கண்கள் இரண்டைப் பதித்திருந்தார்கள். கற்பூரப் புகை. பம்பைச் சத்தம். அம்மை கண்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எந்த உண்மையையும் சொல்ல வாய் வராது.

என் சிநேகிதி எனக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். மெல்ல அவள் பக்கத்துக்குப் போனேன். அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றுக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சை, கூழ்ப் பானை எல்லாம் அடுக்கியிருந்தது.

"என் எடத்துல தேங்கா வச்சிட்டாங்கடி" என்றாள்.

நான் கையைப் பிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். கூட்டத்தின் நடுவே நடந்துபோய், கூழ்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கி அப்பால் வைத்தாள். தேங்காயை எடுத்து வைத்தாள். பழத்தைத் தள்ளினாள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. அவ்வளவு நிதானமாக, வீட்டில் பாய் விரிக்கிறவள்போலச் செய்தாள். பிறகு அந்த இடத்தில் இறங்கி, மணல் வயிற்றில் முதுகை ஒட்டி, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள்.

பம்பை நின்றது. அப்புறம் அத்தை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அலறினார்.

"ஆத்தா! கொயந்த மேல எறங்கிட்டாடா! எல்லாரும் உயுந்து கும்பிடுங்கடா!"

எல்லோரும் விழுந்தார்கள். நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஊர்ப் பெரியவர், நரைத்த மீசைக்காரர், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தார்.

"தாயே, நாங்க இன்னா கொற வச்சோம்? கொயந்தைங்கல்லாம் அம்ம போட்டு சுருண்டுகினு கீது. உனக்கு இன்னா வேணும், வாயத் தொறந்து சொல்லு."

என் சிநேகிதி கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் நீர் வழிந்து மணலில் இறங்கியது.

"எங்கம்மாவ கூட்டினு வாங்க" என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. ஆத்தாவுக்கே அம்மாவா என்று ஒருவர் கேட்டார். வடக்கே இருக்கிற பெரிய அம்மனைச் சொல்கிறாள், அங்கே போய்ப் பொங்கல் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இல்லை, கங்கையம்மன்தான் என்றார் அத்தை. பெரியவர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கிவிட்டு, இன்னொரு தரம் கேட்டார்.

"எந்த அம்மாவம்மா?"

"எங்கம்மாவத்தான். பழவேற்காட்லேருந்து."

அதற்குப் பிறகு யாரும் அர்த்தம் சொல்லவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கூட்டத்தின் ஓரத்தில் என் சிநேகிதியின் அப்பா நின்றுகொண்டிருந்தார். ராத்திரி கடலுக்குப் போய்த் திரும்பிய ஈரம் காயாத உடம்பு. எல்லோரும் பார்த்ததும் அவர் இரண்டு கையையும் கூப்பினார். அம்மனைப் பார்த்துக் கூப்பினாரா, மகளைப் பார்த்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"துணிய மாத்திக்கினு வா" என்றார் பெரியவர். "பொன்னேரி பஸ்ஸ புடிக்கலாம்."

அன்று சாயங்காலம் நான் அவளைத் தனியாகப் பிடித்தேன். வீட்டுக்கு வீடு அவளை உட்காரவைத்துப் பாதம் கழுவி, பாயசம் கொடுத்திருந்தார்கள். உதட்டோரம் காய்ந்த பாயசம்.

"மெய்யாலுமே உம்மேல சாமி வந்துச்சாடி?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெர்லடி. எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு."

அன்று ராத்திரி கடல் பொங்கி, படகு வரைக்கும் ஏறியது. காலையில் அந்த மேடு வழித்துவிட்டதுபோல இருந்தது. சிவப்புச் சேலை மட்டும் படகு விளிம்பில் சிக்கிக் கிடந்தது. ஆத்தா மனம் குளிர்ந்து கடலுக்குத் திரும்பிவிட்டாள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. தேவாலயம் போகிற வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அம்மன் செய்தாள் என்று தெரிந்திருந்தால் என் அம்மா என்னைக் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவிட்டிருக்க மாட்டாள். குப்பத்தில் என்ன சொல்லியிருப்பார்களோ, அது அதைவிடப் பயம்.

அதே நாள் பகலில் அவள் அம்மா வந்து சேர்ந்தார். கூடத் தன் அண்ணனையும் அழைத்து வந்திருந்தார். ஊர்க் கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். மகள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழாமல், நேராகப் பெரியவரைப் பார்த்தார்.

"சரிம்மே, வந்துட்ட. சூடத்த ஏத்திட்டு வூட்டுக்குப் போ" என்றார் பெரியவர்.

"கொஞ்சம் இரு நைனா. ஆத்தா இன்னா சொன்னா? அவ சொன்னத அப்டியே சொல்லு."

"எங்கம்மாவ கூட்டினு வாங்கன்னா."

"அவ்ளோதானே? இவன் வூட்டுக்குப் போவச் சொன்னாளா?" என்று புருஷனைக் காட்டிக் கேட்டார்.

பெரியவர் மீசையைத் தடவினார்.

"கொயந்தைகிட்ட வரச் சொன்னா, வந்துட்டேன். கொயந்தையோட இருப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு குடிசை போட்டுக் குடுங்க. மீனு வித்து நான் பொயச்சுக்குவேன். குடிச்சிட்டு இவன் அந்தப் பக்கம் வந்து கை நீட்னான்னா, அது என்னிய அடிக்கிறது இல்ல. ஆத்தா வாக்க அடிக்கிறது. அத நீங்கதான் கேட்டுக்கணும்."

அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில் ஒரு பெண் அப்படிப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியவர், "நாயம்தான்" என்றார்.

குடிசைக்குச் சவுக்குக் கழியும் கீற்றும் சுமந்து வந்து போட்டது அவள் அப்பாதான். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். கட்டி முடிந்ததும் வாசலுக்கு வெளியே நின்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு கரையேறுகிற நாளில் மகளுக்கென்று நல்ல மீனாக எடுத்து வாசலில் வைப்பார். குடித்த நாளில் அந்தச் சந்துக்குள்ளேயே வரமாட்டார். குடியை விட்டாரா என்றால் இல்லை. அவர் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டது மகளின் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

அம்மையும் அந்த மாதமே குப்பத்தில் இறங்கிவிட்டது. வெயில் தணிந்ததால் இறங்கியிருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குழந்தைகளின் தாய்மாரிடம் இப்போதும் போய் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் எங்கள் தெருவில் மீன்கூடை வந்தது. ஒருநாள் என் அம்மா வாளை மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காத. பச்சப் பிள்ளய விட்டுட்டுப் போவ எப்பிடி மனசு வந்துது ஒனக்கு?"

அவர் கூடையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நா எங்க வுட்டேன்க்கா? இடுப்புல தூக்கிக்கினுதான் கெளம்புனேன். ஒங்க கடைக்கு எதிர பஸ் ஸ்டாண்டுல வச்சி அவனும் அவன் அக்காளும் புடுங்கிக்கினாங்க. ஊரே பாத்துக்கினுதான் இருந்துச்சு. நீகூட அப்போ கடையிலதான இருந்த?"

அம்மாவின் கை மீனின்மேல் அப்படியே நின்றது. அதற்குமேல் பேரம் பேசவில்லை. உள்ளே போய், சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சை எங்கள் தெருவில் யார் எடுத்தாலும் அதற்குப் பிறகு அம்மா எழுந்து போய்விடுவாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம், கூடையைக் காலி செய்துவிட்டு அவர் எங்கள் இருவரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். படகு நிழலில் உட்கார்ந்ததும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அத நீங்கதானடி செஞ்சீங்க?"

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"அத்தக்காரி கத கதயா சொன்னா. ஆத்தா ஒருக்களிச்சுப் படுத்துக்கினு, கன்னத்துக்குக் கை குடுத்துக்கினு, முட்டிய மடக்கிக்கினு இருந்தாளாம். எந்த ஊர்ல எந்த ஆத்தாடி அப்டித் தூங்குவா?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆத்தா ஆத்தாவாவே இருந்துட்டுப் போட்டும். இந்த ஊர்ல எனக்கு வேற யாரு கீறா?" என்றார்.

"நீ அதப் பாக்கவேயில்லியேம்மா" என்றாள் மகள்.

"ஆமா, பாக்கல. எப்டி இருந்துச்சு? இப்டியா?"

அவர் மணலில் ஒருக்களித்துப் படுத்தார். கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டார். மகள் கொஞ்சம் தள்ளி நின்று, செய்த வேலையைச் சரிபார்ப்பவள்போல மேலும் கீழும் பார்த்தாள்.

"முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்கு. அந்தக் கைய முன்னால நீட்டு. ஆங், அப்டித்தான்."

பிறகு அவள் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து, மணலை அள்ளி அவர் பாதத்தின்மேல் மெல்லச் சரித்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவர் மூச்சும் சீராகிவிட்டது. அன்று நாங்கள் மணலில் வேறெதுவும் செய்யவில்லை.